முப்பத்தொரு நிறுத்தங்கள்

2023 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 10 நிமிடம். மேகம் மலையின் பாதிவரை இறங்கியிருந்தது. மேற்கிலிருந்து காற்று, அதில் அவ்வப்போது சாரல், சட்டை நனையாது, ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பேசி 26 டிகிரி காட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு வனத்துறைச் சாவடியில் நானும் பாயும் முதுகில் ஆளுக்கொரு பையோடு நின்றோம். பை ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோ. முந்தின நாள் பாயின் குடோன் தராசில் நிறுத்தது.

சாவடியில் இருந்த காவலர் நோட்டில் எங்கள் வயதை எழுதினார். எனக்கு அறுபத்தாறு, பாய்க்கு அறுபத்தொன்று. என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், மேல குடியேறப் போறீகளா?" என்றார்.

"இது ட்ரெயினிங்."

"எதுக்கு?"

"இமயமலைக்கு" என்றார் பாய்.

காவலர் எங்கள் இருவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் சேர்த்துக் கறுப்பு முடி இருபது தேறாது. "சாயங்காலம் நாலு மணிக்குள்ள கீழ வந்துரணும். மேல இருக்குற கோயிலைத் தாண்டிப் போகக் கூடாது. இமயமலைல யானை கெடையாது, இங்க உண்டு" என்று சொல்லிச் சங்கிலியை இறக்கினார்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன். பாய் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி வியாபாரம். எங்கள் நூலை வாங்கித் தறிக்காரர்களிடம் கொடுத்து நெய்து, வெளுத்து, சுருட்டி, பேல் கட்டி வடக்கே அனுப்புவார். முதன்முதலாக அவர் ஆலைக்கு வந்ததே சண்டை போடத்தான். "உங்க நூலு தறில ஏறுனதும் அந்து போவுது. நான் துணி விக்கவா, முடிச்சு விக்கவா?" என்று என் மேசைமேல் ஒரு நூல் கோனை வைத்தார். நான் அதைச் சோதித்துப் பார்த்துத் தவறு எங்களுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தேன். ஆலைக்காரன் ஒருவன் அப்படி எழுதிக் கொடுப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கே நான் அவருக்கு அண்ணாச்சி ஆனேன். இருபத்தேழு வருடப் பழக்கம்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவேன். பஸ் ஸ்டாண்டில் அவர் மொபெட்டோடு நிற்பார். மலையடிவாரம் வரை போய், அங்கே வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் நடப்போம். எட்டு வருடத்தில் முந்நூற்று அறுபது ஞாயிறு நடந்திருக்கிறோம். தவறிய ஞாயிறுகளையும் காரணத்தோடு குறித்து வைத்திருக்கிறேன்.

சிகரம் பாயின் ஆசை. பத்தொன்பது வயதில் தகப்பனாரின் குடோனில் அவருக்குக் கொடுத்த முதல் வேலை, பேல்கள்மேல் மையில் விலாசம் எழுதுவது. வருடத்துக்கு இரண்டு தடவை லடாக்கில் உள்ள லே ஊர் ஆஸ்பத்திரிக்குப் பேல் போகும். "மூணே எழுத்து அண்ணாச்சி, எல், ஈ, எச். எழுதுறதுக்கு எம்புட்டு லேசு. நாப்பத்திரண்டு வருசமா நான் எழுதுன எழுத்து அங்க போயிட்டுப் போயிட்டு இருக்கு. நான் மதுரை தாண்டி வடக்க போனதே இல்ல." இதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். 2022 டிசம்பரில் ஒரு ஞாயிறு, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். லேவிலிருந்து போகும் மார்க்கா பள்ளத்தாக்கின் தலையில் நிற்கும் ஒரு வெள்ளைச் சிகரம். ஆறாயிரத்து இருநூற்று ஐம்பது மீட்டர். மலையேறிப் பழக்கமில்லாதவர்களையும், உடம்பு தகுதியாக இருந்தால், வழிகாட்டிகள் கயிறு கட்டிக் கூட்டிப் போகிறார்கள் என்று அதன் கீழே போட்டிருந்தது.

"முட்டி இருக்கும்போதே போயிட்டு வந்துரணும் அண்ணாச்சி. வாரீகளா?" என்றார்.

எனக்கென்று அப்படி ஓர் ஆசை இருந்ததில்லை. ஆனால் மறுநாளே திட்டம் போட ஆரம்பித்தேன். போடப் போட ஆசை என்னுடையது ஆகிவிட்டது. ஐந்து நிறுவனங்களை எடுத்துக்கொண்டு பதினான்கு பத்தியில் ஒரு அட்டவணை தயார் செய்தேன்: எத்தனை நாள், எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, ஆக்ஸிஜன் சிலிண்டர் எத்தனை, சாப்பாட்டில் முட்டை உண்டா, இறைச்சி ஹலாலா, கழிப்பறைக் கூடாரம் தனியா. பாய் அதைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கப் போறதுக்குக் கூட நாங்க இம்புட்டு விசாரிச்சதில்ல" என்றார். ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தோம். இருவருக்கும் சேர்த்து ஒரே பதிவாக என் மின்னஞ்சலிலிருந்து நான்தான் போட்டேன். மாற்று மின்னஞ்சல் கேட்டார்கள். பாயின் மகனுடையதைக் கொடுத்தேன். கிளம்பும் நாள் ஆகஸ்ட் 6.

பயிற்சி அட்டவணையும் என்னுடையதுதான். வீட்டு மாடிப்படி பதினெட்டு. காலையில் நாற்பது தடவை ஏறி இறங்க வேண்டும். வாரம் ஒரு கிலோ வீதம் பையில் கனம் கூட்ட வேண்டும். நான் பையில் ஆலையிலிருந்து வாங்கி வந்த கோன்களை அடுக்கினேன். பாய் அவருடைய சரக்கையே அடுக்கினார்.

"பேண்டேஜை வச்சா கனம் எங்க பாய் வரும்?"

"கனத்துக்குக் கீழ எடைக்கல்லு போட்டிருக்கேன். இது நீங்க விழுந்தா கட்டுறதுக்கு."

டீக்கடையில் எங்களுக்கு ஒரு பெயரே விழுந்துவிட்டது. மொபெட் சத்தம் கேட்டதும் கடைக்காரர், "ஏலே, ஐஸு மலைக்கு ரெண்டு டீ, சக்கரை கம்மி" என்று உள்ளே குரல் கொடுப்பார். வீட்டிலும் இதே கதைதான். "மாடில காயுற வத்தலை எடுத்துட்டு வாங்கன்னா முட்டி வலிக்கும். இமயமலைன்னா வலிக்காதாக்கும்" என்பாள் என் மனைவி. நான் கொரோனாக் காலத்தில் வாங்கிய கருவியை விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவைக் குறித்துக்கொண்டிருப்பேன். எனக்கு 95, பாய்க்கு 97. அதை ஒவ்வொரு ஞாயிறும் எழுதினேன். எழுதியதை ஒரு தடவைகூட ஒப்பிட்டு யோசிக்கவில்லை. எண்ணி வைப்பதும் படிப்பதும் வேறு வேறு வேலை என்பது இந்த வயதில்தான் எனக்குப் புரிகிறது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, மே மாதம் நிறுவனத்தின் விதிகளை இரண்டாம் தடவையாக வரி வரியாகப் படிக்கும் வரை. பதினோராவது விதி: உச்சிக்குப் போகும் நாளில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி. மூவரும் ஒரே கயிற்றில். இருவரில் ஒருவரால் முடியாமல் போனால் வழிகாட்டி அவரைக் கீழே கூட்டி வருவார்; வேறு கயிற்றில் இடமில்லாவிட்டால் மற்றவரும் கூடவே இறங்க வேண்டும்.

அன்றிலிருந்து என் நிம்மதி போனது. பாயின் இரத்தக் கொதிப்பு மாத்திரை ஞாபகம் வந்தது. ஒரு நாள் நடக்கும்போது அவராகச் சொன்னது: "ரெண்டு வருசமா காலைல ஒண்ணு போடுதேன். வீட்டுல தெரியாது, தெரிஞ்சா உப்பை நிப்பாட்டிருவாக." அவருடைய டாக்டர் கொடுத்த சான்றிதழில் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது, மலையேறலாம் என்று இருந்தது. மாத்திரையின் பெயர் இல்லை. நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். நடக்கும்போது நின்றார் என்றால் ஏன் நின்றார்? செருப்பைச் சரிசெய்கிறேன் என்கிறார், மெய்தானா? அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற கவலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவலை இருந்தது உண்மை. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஏழு மாதம் மாடிப்படி ஏறியவன், அவர் பொருட்டு உச்சிக்கு இருநூறு மீட்டர் கீழே கயிற்றோடு திரும்பி இறங்கும் காட்சியை நான் பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எழுதும்போது இதை மறைத்துப் பயனில்லை.

என் வேலையைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். நூற்பு இயந்திரத்தில் ஆயிரம் கதிர் ஓடும், கதிருக்கு ஒரு நூல். எத்தனை தடவை நூல் அறுகிறது என்று எண்ணுவது என் வேலைகளில் ஒன்று. தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அறுதலுக்கும் நேரம், கதிர் எண், காரணம் மூன்றையும் குறிக்க வேண்டும். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பக்கத்திலேயே நிற்பான். அவனிடம் பேசக் கூடாது. பேசினால் அவன் வேகமாக வேலை செய்வான், கணக்கு பொய்யாகிவிடும். தாள் நேரே ஸ்பின்னிங் மாஸ்டரிடம் போகும். மறுநாள் காலை அவனைக் கூப்பிடுவார்கள். ஏன் கூப்பிட்டார்கள் என்று அவன் என்னிடம் வந்து கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்வதுதான் வழக்கம். கீழே நிற்பவனைப் பற்றி எழுதினது மேலேதான் போகும். பக்கத்தில் நிற்பவனுக்குக் காட்டுவதில்லை. முப்பத்துநான்கு வருடத்தில் அது தவறு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அது ஒழுங்கு.

ஜூலை 2 அன்று என் பேண்ட் பையில் ஆலையில் பயன்படுத்திய கையடக்கமான எண்ணும் கருவி இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு எண் கூடும்.

முதல் மைல் வரை பாய் நிற்கவில்லை. பிறகு ஓடையைத் தாண்டிப் பாதை செங்குத்தாக ஏற ஆரம்பித்ததும் நின்றார். மேலே ஒரு மரத்தைக் காட்டி, அணில் என்றார். பெரிய அணில், வாலே இரண்டடி இருக்கும். நான் அணிலைப் பார்த்துக்கொண்டே பேண்ட் பையில் கைவிட்டு அழுத்தினேன். பத்து நிமிடம் கழித்துச் செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றார். அழுத்தினேன். தண்ணீர் குடிக்க நின்றார். வியர்வை துடைக்க நின்றார். "செத்த நேரம் நிப்போம் அண்ணாச்சி, காத்து நல்லாருக்கு" என்று ஒரு பாறையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். கோயிலுக்குப் போய்ச் சேரும்போது கருவியில் 31.

மேலே பாய் ஒரு ஓரமாக உட்கார்ந்து, கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். "பன்னெண்டு கிலோவோட ஏறிட்டோம்லா. இனி அவிய ஊரு மலைதான்." லே போய் இறங்கியதும் முதல் வேலையாக அந்த ஆஸ்பத்திரியின் ஸ்டோரைத் தேடிப் போய், அவர் எழுத்து உள்ள பேல் ஒன்றாவது கிடக்கிறதா என்று பார்க்கப்போவதாகச் சொன்னார். நான் சரி சரி என்றேன். என் மனம் முப்பத்தொன்றில் இருந்தது.

மாலை நான்கு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அக்கறையில் எழுதுகிறேன், என் நண்பருக்குத் தெரிய வேண்டாம் என்று ஆரம்பித்தேன். மாத்திரை விஷயத்தை எழுதினேன். கூடவே நினைவிலிருந்து போட்ட ஒரு அட்டவணை: நேரம், இடம், நின்ற நிமிடம், காரணம். முப்பத்தொரு வரியிலும் காரணம் என்ற பத்தியில் ஒரே பதில்: மூச்சு வாங்கியது. ஆலையில் ஒரே காரணத்தை முப்பத்தொரு தடவை எழுதிய தாளை மாஸ்டர் என் முகத்தில் எறிந்திருப்பார்.

புதன்கிழமை அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியும்; எனக்கு நன்றி சொல்லி ஒரு பதில் வந்திருந்தது. பாய் போனில் ஒன்றும் சொல்லவில்லை. ஜூலை 9 ஞாயிறு, வழக்கம்போல் மொபெட்டோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார். டீக்கடையில் வைத்துத்தான் சொன்னார்.

"என்னையக் கழிச்சுட்டாக அண்ணாச்சி."

"ஏன் பாய்?" என்று கேட்டேன்.

இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம். மின்னஞ்சலைக்கூட ஏதோ ஒரு கணக்கில் சேர்த்துவிடுவேன். இதைச் சேர்க்க இடமில்லை.

"அவிய டாக்டரு காகிதம் எல்லாம் பாத்துட்டு, உச்சிக்கு வேணாம்னுட்டாராம். அடிவாரக் கூடாரம் வரைக்கும் வேணும்னா வாங்கன்னு போன்ல பேசுன பொண்ணு சொல்லுது. நல்ல மாதிரியாத்தான் பேசுச்சு. அடிவாரத்துல இருந்து அண்ணாந்து பாக்க நான் ஏன் அம்புட்டுத் தூரம் போகணும்? இங்கயே பாக்கலாம்லா." மலையைக் காட்டிச் சிரித்தார். டீயில் பாதியை வைத்துவிட்டார். பிறகு மொபெட்டின் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அவருக்கென்று வாங்கியிருந்த கம்பளிக் கையுறை. "ஒண்ணுக்கு மேல ஒண்ணாப் போட்டுக்கோங்க. உங்களுக்கு வெரல் சீக்கிரம் மரத்துப் போகும். மேல போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க, போதும்."

வாங்கிக்கொண்டேன்.

அவர் கட்டியிருந்த பணத்தைத் திருப்பும் மின்னஞ்சல் 12-ஆம் தேதி வந்தது. ஒரே பதிவு என்பதால் எனக்கும் மாற்று முகவரிக்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். அதன் அடியில், நான் முதலில் எழுதியதும் அட்டவணையும் அப்படியே தொங்கின. அனுப்பிய பெண்ணுக்கு அது தெரிந்திருக்காது. பாயின் மகன் படிக்காமல் விட்டுவிடுவான் என்று ஒரு இரவும் ஒரு காலையும் நம்பினேன்.

வியாழன் காலை பதினொன்றுக்குப் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். இருபத்தேழு வருடத்தில் சொல்லாமல் வந்தது அது ஒன்றுதான். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"முப்பத்தொண்ணா அண்ணாச்சி?"

நான் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"நான் எண்ணல. நீங்க எண்ணுனா சரியாத்தான் இருக்கும். பையில டிக்கு டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. எங்க ஆளுக இந்த மாதிரி ஒண்ண வெரல்ல மாட்டிக்கிட்டு திக்ரு எண்ணுவாக. நீங்களும் ஏதோ சாமி பேரு எண்ணிட்டு வாரீகன்னு நெனச்சேன். நல்லபடியாப் போயிட்டு வரணும்னு ரெண்டு பேருக்கும் சேத்து எண்ணுதாக போலன்னு, பேச்சுக் கொடுக்காம வந்தேன்."

"பாய், உங்களுக்கு ஏதாச்சும் ஆயிரக் கூடாதேன்னுதான்..."

"இருக்கட்டும். ஒண்ணு மட்டும் கேக்கேன். நான் நின்னப்ப நீங்க எங்க இருந்தீக?"

கேள்வி எனக்கு விளங்கவில்லை.

"ஓடை தாண்டுனதும் உங்களுக்கு வாய் தொறந்து போச்சு. இழுக்குது. நிப்போமான்னா நீங்க நிக்க மாட்டீக, அட்டவணை கெட்டுரும்பீக. அதான் அணிலக் காட்டுனேன். செருப்பு வாரை நான் எத்தனை தடவைதான் மாட்டுறது? அது என்ன அறுந்தா கெடக்கு?" அவர் குரல் உயரவில்லை. "எனக்கும் மூச்சு வாங்குச்சு. இல்லேங்கல. வயசு ஆச்சுல்ல. ஆனா முப்பத்தொண்ணும் என் பேருல எழுதிட்டீகளே."

எழுந்து என் மனைவியிடம், "வாரேன்மா" என்றார். வாசலில் மொபெட் முதல் உதையில் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது.

மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனவள் பாதியில் நின்றாள். "மாடிப்படியில நீங்க எத்தனை தடவை கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கீகன்னு எனக்குத் தெரியும். நான் யாருக்காச்சும் எழுதிப் போட்டேனா?" என்றாள்.

அன்று பிற்பகல் முழுவதும் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு முப்பத்தொரு இடத்தையும் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். எங்கே நின்றோம், அதற்கு முந்தின நிமிடம் யார் முன்னால் போனது, யாருடைய மூச்சு கேட்டது. எட்டாவது நிறுத்தத்தில் நான் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்திருந்தேன், சாய்ந்துகொண்டே அழுத்தினேன். பதினாலாவதில் அவர் தண்ணீரை முதலில் என்னிடம்தான் நீட்டினார். இருபதிலிருந்து இருபத்துநான்கு வரை என் பையின் ஒரு வாரை அவர் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் அதை அவர் பிடிமானத்துக்கு என்று நினைத்திருந்தேன். கடைசியில் இப்படி வந்தது: எனக்காக நின்றது பதினேழு, அவருக்காக நின்றது ஆறு, என்னால் தீர்மானிக்க முடியாதது எட்டு. எண்ணும்போது என்னை நான் எண்ணவில்லை. தாள் பிடிப்பவன் ஒருபோதும் தாளில் வருவதில்லை என்பது ஆலை வழக்கம். நூலைப் பொறுத்தவரை அதில் பிழையில்லை.

மறுநாள் நிறுவனத்துக்குத் திருத்தம் எழுதினேன். என் கணக்கு தவறு, நின்றதில் பெரும்பகுதி என் பொருட்டு, அவரை மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று. அந்தப் பெண் கூப்பிட்டாள். தமிழ்ப் பெண்தான், பொறுமையாகப் பேசினாள். "சார், முதல்ல ஒண்ணு எழுதினீங்க, இப்ப ஒண்ணு எழுதறீங்க. எதை டாக்டர்கிட்ட காட்டறது? மாத்திரை போடறது உண்மைதானே?" உண்மைதான் என்றேன். டாக்டர் மறுபடி பார்க்க வேண்டுமானால் புதிதாக ட்ரெட்மில் பரிசோதனை செய்து அவரே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, 21-ஆம் தேதி வரைதான் நேரம் என்றாள். பிறகு, "அப்போ உங்களுக்குத்தான் மூச்சு வாங்குதா சார்?" என்று கேட்டாள். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

17-ஆம் தேதி திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். குடோனில் பாய் தரையில் உட்கார்ந்து, ஒரு பேலின்மேல் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக அச்சிட்ட சீட்டுதான் ஒட்டுகிறார்கள், அன்றைக்குக் கணினி பழுதாம். என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. திருத்தம் எழுதியதைச் சொன்னேன். மதுரையில் ட்ரெட்மில் பரிசோதனைக்கு மறுநாளே இடம் சொல்லி வைத்திருப்பதையும், நானே கூட வருவதையும் சொன்னேன்.

அவர் எழுத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "வேணாம் அண்ணாச்சி. டெஸ்டுல நான் தேறிருவேன். அதுக்குப் பயமில்ல."

"பொறவு என்ன?"

"ஒரே கயித்துல நீங்க பின்னாடி வருவீக. நான் ஒரு நிமிசம் நின்னா உங்க மனசுல ஒண்ணு கூடும். எனக்கு அந்தச் சத்தம் கேக்கும். அது கேட்டா எனக்குக் காலு தானா நிக்கும்." மை எழுதிய குச்சியைத் துணியில் துடைத்தார். "உங்கள குத்தம் சொல்லல. நீங்க அப்படித்தான். ஆனா மேல போறதுக்கு வேற ஆளு கூடத்தான் போகணும்."

அவர் கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இதற்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. பொட்டலத்தை, கையுறையைத்தான், மேசைமேல் வைத்தேன். "அது நீங்க வச்சுக்கோங்க" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் என் பதிவை ரத்து செய்தேன். கிளம்ப இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. முப்பது நாளுக்குள் ரத்து செய்தால் ஒன்றும் திரும்பாது என்பது ஏழாவது விதி, எனக்கு மனப்பாடம். தனியாகப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். போகலாம்தான். கயிற்றில் எனக்கு முன்னால் பெயர் தெரியாத ஒருவர் நடப்பார். நான் இழுத்து இழுத்து மூச்சு விடும்போது அவர் எதற்காக நிற்க வேண்டும்?

அடுத்த வருடம், 2024 ஆகஸ்டில், பாய் போனார். வேறு நிறுவனம், முன்பின் தெரியாத நான்கு பேர், எல்லாரும் முப்பதுக்குள். பரிசோதனைகளைத் தானே செய்துகொண்டு, மாத்திரையின் பெயரைத் தானே படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். உச்சியை எட்டினார். எனக்கு அதைச் சொன்னது டீக்கடைக்காரர். "ஐஸு மலைக்கு ஒத்த ஆளு போயிட்டு வந்துட்டாருல. நீங்க எங்க அண்ணாச்சி போனீக?" என்றார். எனக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

குடோன் சுவரில் படத்தை மாட்டியிருக்கிறார். ரோட்டிலிருந்தே தெரியும். நீலமாக ஒரு பெரிய வானம், சிவப்புச் சட்டையில் அவர், பின்னால் வெள்ளை. அந்த வழியாகப் போகும்போது ஐந்து தடவை பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. எதிரே வந்தால் வண்டியை நிறுத்தி, "நல்லாருக்கீகளா அண்ணாச்சி?" என்பார். "இருக்கேன் பாய்" என்பேன். "வாரேன்" என்று கிளம்பிவிடுவார். இருவருக்கும் நடுவில் கோபம் என்று எதுவும் இல்லை. ஞாயிறு மட்டும் இல்லை. அவர் இப்போது யாரோடு நடக்கிறார், நடக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. நான் வீட்டுத் தெருவிலேயே முக்கால் மணி நேரம் நடக்கிறேன்.

கேட்க வேண்டியவை என்னிடம் நிறைய இருக்கின்றன. கடைசி ஏற்றத்தில் எத்தனை மணி நேரம் ஆயிற்று, மேலே எத்தனை நிமிடம் நின்றார், குளிர் எத்தனை டிகிரி, லேவில் அந்த ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் போனாரா, அவர் கையெழுத்துள்ள பேல் கிடைத்ததா. நான் கேட்டால் சொல்லுவார்; அவர் சுபாவம் அப்படி. ஆனால் நான் வாயைத் திறந்ததும் அவர் என் கையைத்தான் பார்ப்பார் என்று தோன்றுகிறது. அதனால் கேட்கவில்லை. அந்த எண்கள் எதுவும் என்னிடம் இல்லை.

என்னிடம் உள்ள எண் ஒன்றுதான். நிறுவனத்துக்குக் கட்டியது, மதுரையிலிருந்து லே வரை போகவர விமான டிக்கெட், ஒரு பூட்ஸ், இரத்தமும் நெஞ்சும் பார்த்த பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து, அந்த மலைக்குப் போகாமல் இருக்க எனக்கு ஆனது எழுபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.